பதினெட்டு கட்டங்களுக்கு நன்றி

சியோலை விட்டுக் கிளம்ப இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. பெட்டி கட்டுவதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும்.

'ரசிகை' என்று சொன்னால் அது பாதி உண்மைதான். எனக்கு பி.டி.எஸ். என்ற கொரிய இசைக்குழுவின் பாடகர் ஜின் மேல் கிரஷ். இருபத்தாறு வயதில் இதைக் கூச்சமில்லாமல் எழுத முடிகிறது என்றால், இங்கே என்னைச் சுற்றி இருந்த நீங்கள் யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்காததுதான் காரணம்.

2022 செப்டம்பரில் படிக்க வந்தேன். அவர் இருக்கும் ஊருக்கே வந்துவிட்டோம் என்ற சந்தோஷத்துக்கு மூன்று மாதம்தான் ஆயுசு. டிசம்பர் 13ஆம் தேதி அவர் கட்டாய ராணுவ சேவைக்காக ராணுவத்தில் சேர்ந்தார். குழுவில் முதலில் போனவர் அவர்தான். அன்று இரவு விடுதியில் நான் அழுததைப் பார்த்த என் அறைத்தோழியே, நீ "எத்தனை மாதம்?" என்று மட்டும் கேட்டாய். பதினெட்டு என்றேன். ஒரு தாளில் பதினெட்டு கட்டம் வரைந்து கதவுக்குப் பின்னால் ஒட்டினாய். ஒவ்வொரு மாதமும் 13ஆம் தேதி எனக்கு முன்னால் எழுந்து ஒரு கட்டத்துக்கு ஊதா நிறம் அடித்தாய். உனக்கு ஜின்னின் ஒரு பாட்டுகூட முழுதாகத் தெரியாது. அதை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

என்னை 'நூனா' (கொரிய மொழியில் அக்கா) என்று கூப்பிடும் லேப் தம்பிக்கு நிறையக் கடன்பட்டிருக்கிறேன். அவன் அப்போதுதான் ராணுவத்திலிருந்து திரும்பியிருந்தான். இபியோங், இல்பியோங், சாங்பியோங், பியோங்ஜாங் என்று நான்கு படிநிலைகளையும் வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டினான். "கடைசிப் படிக்கு வந்துவிட்டால் பாதி வீட்டுக்கு வந்த மாதிரி, நூனா" என்பான். வேலை முடிந்த மாலையில்தான் கைக்குப் போன் கிடைக்கும் என்றும், ஜின்னின் முகாம் இருந்த, எல்லையை ஒட்டிய யொன்சொன் சியோலைவிட எவ்வளவு குளிரும் என்றும் அவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஒருமுறை நான் அந்த முகாம் வாசல் வரைக்கும் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவன் முகம் மாறிவிட்டது. வர வேண்டாம் என்று அவருடைய நிறுவனமே ரசிகர்களைக் கேட்டிருக்கிறது, அங்கே மற்ற பையன்களின் அம்மா அப்பாவும் வந்து நிற்பார்கள் என்றான். நான் போகவில்லை. தம்பி, அன்று நீ தடுத்தது ஒரு உதவி என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது.

கொரிய மொழி டீச்சருக்கு. ரசிகர்களுக்கான வீவர்ஸ் செயலியில் ஜின்னுக்கு எழுதிய முதல் கடிதத்தை உங்களிடம் காட்டினேன். நம் 'நீ', 'நீங்கள்' போல கொரிய மொழியிலும் வினைச்சொல்லின் வாலிலேயே மரியாதை உட்கார்ந்திருக்கிறது. நான் இரண்டையும் கலந்து குழப்பியிருந்தேன். "நீ அவரை எவ்வளவு வேண்டுமானாலும் விரும்பலாம், ஆனால் உன்னை அறியாத மனிதருக்கு எழுதுகிறாய்" என்று சொல்லி, ஒவ்வொரு வரியையும் 'நீங்கள்' ஆக்கிக் கொடுத்தீர்கள். அந்தத் திருத்தத்தில் நான் இலக்கணத்தைவிட அதிகமாகவே கற்றுக்கொண்டேன், டீச்சர். அவரைப் பற்றிப் பேசும்போது எனக்கு இருந்த ஒருவித உரிமைக்குரல் அன்றோடு போய்விட்டது.

பக்கத்து லேப் அக்கா, நீங்கள் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "தூரத்துல இருக்கும்போது மனசு எதையாவது பிடிச்சுக்கத்தான் செய்யும். பிடிச்சுக்கோ. ஆனா ஞாயித்துக்கிழமை சாப்பிட வந்துடு." ஒரு ஞாயிறுகூட நீங்கள் என்னை விடவில்லை.

2023 ஜூன் 17, யொய்தோ ஆற்றங்கரையில் குழுவின் பத்தாம் ஆண்டு வாணவேடிக்கை. நிற்க இடமில்லாத அந்தக் கூட்டத்தில் தங்கள் பாயைச் சுருக்கி எனக்கு இடம் கொடுத்த குடும்பத்துக்கும் நன்றி.

அப்புறம், கடைசியாக ஒருவர்.

2024 ஜூன் 12ஆம் தேதி ஜின் வெளியே வந்தார். மறுநாளே ஜாம்சில் அரங்கில் ஆயிரம் ரசிகர்களை ஒவ்வொருவராக அணைத்தார். குலுக்கலில் என் பெயர் விழவில்லை. இருந்தாலும் வகுப்பை விட்டுவிட்டு அறைத்தோழி என்னோடு வந்தாள். அரங்குக்கு வெளியே சுவரோரமாக இருவரும் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் நீங்கள் உள்ளேயிருந்து வந்தீர்கள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. என் பையில் தொங்கிய ஜின் படத்தைப் பார்த்து நின்றீர்கள். "உள்ளே போனாயா?" என்று கேட்டீர்கள். இல்லை என்று தலையாட்டினேன். இரண்டு கையையும் விரித்து, "சூடு ஆறுவதற்குள் வா" என்றீர்கள்.

பெயர் கேட்கத் தோன்றவில்லை எனக்கு. நீங்கள் ரொம்ப நேரம் விடவில்லை.