காட்மனைப் பெட்டியிலிருந்து வெளியே எடுங்கள்

மதிப்பிற்குரிய அருங்காட்சியகக் காப்பாளர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்து ஓவியர் ஜான் செல் காட்மன் யாரென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய நீர்வண்ண ஓவியங்களைப் பார்க்கவென்றே போன வாரம் பிள்ளைகளோடு ரயிலேறி உங்களிடம் வந்தோம். சுவரில் ஒன்றுகூட இல்லை, எல்லாம் பெட்டிக்குள். எப்போது வெளியே வைப்பீர்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. ஆய்வறைக்கு முன்பதிவு செய்து வாருங்கள் என்றார்கள், அதுவும் வேலை நாளில், பகலில். லீவு போட முடியாதவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் என்ன செய்வது?

வெளிச்சம் பட்டால் நீர்வண்ணம் வெளுக்கும், அவுரி நீலம் சீக்கிரமே போய்விடும், தெரியும். வருடம் முழுக்க மாட்டி வைக்கச் சொல்லவில்லை. ஆண்டுக்குச் சில வாரம், மங்கிய விளக்கில் நாலைந்து படங்கள், எந்த வாரம் என்று முன்கூட்டியே ஓர் அறிவிப்பு. அவ்வளவுதான் கேட்கிறேன்.

1805 வாக்கில் அவர் வரைந்த கிரேட்டா பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றை வளைவுப் பாலம், கீழே ஆறு, முன்னால் பாறைகள். ஒரு பூச்சு காய்ந்த பிறகு அடுத்த பூச்சு, ஒவ்வொன்றின் ஓரமும் கத்தரித்து வைத்தது போல நிற்கிறது. வெள்ளை வேண்டிய இடத்தில் வண்ணமே பூசாமல் காகிதத்தை அப்படியே விட்டிருக்கிறார். அந்த வெண்மை அச்சில் வராது, திரையிலும் வராது. நேரில் பார்க்க வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது அதனால்தான்.

இதை வரைந்தபோது அவருக்கு 23 வயது இருக்கும். மறுவருடமே லண்டனை விட்டுச் சொந்த ஊரான நாரிச்சுக்குத் திரும்பி, பாடம் சொல்லிக்கொடுத்தும், பார்த்து வரையப் படங்களைச் சந்தாவுக்கு இரவல் கொடுத்தும் பிழைத்தார். கடனும் மனச்சோர்வும் கடைசிவரை விடவில்லை. 1842இல் இறந்த பிறகு ஏலத்தில் படங்கள் அடிமாட்டு விலைக்குப் போயின. அன்று வாங்க ஆளில்லை, இன்று பார்க்க வழியில்லை.

டர்னர் பெரிய ஓவியர், மறுக்கவில்லை. ஆனால் அவருக்கு அறை அறையாக இடம் இருக்கும்போது, அதே காலத்து மனிதருக்கு ஒரு சுவர்கூடவா கிடைக்காது? இந்த நாட்டில் நீர்வண்ணம் என்றால் அந்த ஒரே பெயர்தான் என்று நினைத்துக்கொண்டு பிள்ளைகள் வீடு திரும்புவது சரியா?

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சில வாரம், நாலைந்து படங்கள், முன்கூட்டியே தேதி. தயவுசெய்து அடுத்த ஆண்டுக்கான தேதியையாவது அறிவியுங்கள், ரயில் டிக்கெட் எடுத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
காட்மனின் ரசிகர் ஒருவர்