யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார்

அன்புள்ள ஞானமகளுக்கு,

சென்ற வாரம் நீ கேட்ட கேள்விக்கு நான் சொன்னது பதிலே அல்ல. உறுதிபூசுதல் தயாரிப்பு வகுப்பில் மாற்கு நற்செய்தியின் 8-ஆம் அதிகாரத்தைப் படித்துவிட்டு வந்து கேட்டாய்: “பேதுரு ‘நீர் மெசியா’ என்கிறார். சரியான விடைதானே? பிறகு ஏன் இயேசு அதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்கிறார்? உண்மையை எதற்கு மறைக்க வேண்டும்?”

“அவருடைய நேரம் இன்னும் வரவில்லை” என்று மழுப்பினேன். அது யோவான் நற்செய்தியின் பேச்சு. மாற்கு எழுப்பும் கேள்விக்கு யோவானிடம் கடன் வாங்கிய விடை. நீ தலையாட்டினாய், ஆனால் உன் முகம் ஒப்பவில்லை. உன்னைப் போலவே பலரும் அந்த வரியில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள் என்பதால் ஊரறியவே எழுதுகிறேன்.

மெசியா என்ற சொல்லின் பொருள் எளிது. எபிரேயத்தில் ‘மாஷியாக்’ என்றால் எண்ணெய் பூசப்பட்டவர். அதைக் கிரேக்கத்தில் ‘கிறிஸ்தோஸ்’ என்று பெயர்த்தார்கள். ஆகவே கிறிஸ்து என்பது இயேசுவின் இரண்டாம் பெயர் அல்ல, பட்டம். பவுல் கடிதங்கள் எழுதிய காலத்திலேயே அது பெயரோடு பெயராக ஒட்டிக்கொண்டுவிட்டது. அப்படி ஒட்டிக்கொண்டதில் எண்ணெயின் வாசம் போய்விட்டது.

அந்த வாசத்தைத் திரும்பப் பிடிக்க விடுதலைப் பயணம் 30-ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பார். வெள்ளைப்போளம் 500 செக்கேல் எடை, கருவாப்பட்டை 250, இன்னும் சில நறுமணப் பொருள்கள், ஒலிவ எண்ணெய் என்று மருந்துச் சீட்டைப் போல அளவு போட்டு எழுதியிருக்கும். அந்தத் தைலத்தைப் பலிபீடத்துக்கும் விளக்குத் தண்டுக்கும்கூடப் பூசினார்கள். இனி இது கடவுளுக்குரியது, வேறு வேலைக்கு எடுக்கக் கூடாது என்று அதற்குப் பொருள். பிறகு குருக்களுக்கு, பிறகு அரசர்களுக்கு. பூசப்பட்டவர் நல்லவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தாவீதைக் கொல்லத் தேடிவந்த அரசர் சவுல், ஏன்கேதிக் குகையில் அவருடைய கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார். தாவீது சவுலின் அங்கியின் ஓரத்தை மட்டும் அறுத்து எடுக்கிறார். ஆண்டவர் திருப்பொழிவு செய்தவர்மேல், அதாவது எண்ணெய் பூசப்பட்டவர்மேல், கை வைக்க மாட்டேன் என்கிறார். எசாயா 45-இல் இந்தப் பட்டம் பாரசீக அரசர் சைரசுக்குப் போகிறது. அவர் இசுரயேலர்கூட அல்லர். “நீ என்னை அறியாதிருந்தும்” என்று கடவுளே அவரிடம் சொல்கிறார்.

இதிலிருந்து ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்: எவரும் தம் தலையில் தாமே எண்ணெய் ஊற்றிக்கொள்வதில்லை. இன்னொருவர் ஊற்ற வேண்டும்.

கி.மு. 587 வாக்கில் பாபிலோனியர் எருசலேமைத் தகர்த்தபோது அரியணை போயிற்று. தாவீதின் மரபு என்றும் நிலைக்கும் என்று இறைவாக்கினர் நாத்தான் வழியாகக் கிடைத்த வாக்கு மட்டும் மிஞ்சியது. 89-ஆம் திருப்பாடலைப் படித்திருக்கிறாயா? முதல் பாதி அந்த வாக்கைக் கொண்டாடுகிறது. அடுத்த பாதி, வாக்கைக் கைவிட்டுவிட்டீரே என்று கடவுளையே கேட்கிறது. எனக்குத் திருப்பாடல்களில் அதுதான் மிகவும் பிடிக்கும், அதன் துணிச்சலுக்காக. ‘பூசப்பட்டவர்’ என்ற சொல் இருக்கிற அரசரை விட்டு, வரப்போகிறவரை நோக்கித் திரும்பியது இந்த வலியிலிருந்துதான்.

வருகிறவர் எப்படிப்பட்டவர் என்பதில் ஒருமித்த கருத்து இருக்கவில்லை. 1947-இல் தொடங்கிச் சாக்கடல் ஓரத்துக் கும்ரான் குகைகளில் கிடைத்த பழைய யூதச் சுருள்களில் ஒன்று, குரு ஆரோனின் மரபிலும் இசுரயேலிலும் தோன்றும் மெசியாக்கள் என்று பன்மையிலேயே பேசுகிறது. ஆனால் கி.மு. 63-இல் ரோமத் தளபதி பொம்பே எருசலேமுக்குள் நுழைந்த பிறகு, பலருக்கும் தேவைப்பட்டவர் அந்நியரை விரட்டும் தாவீதின் மகன்.

இப்போது பேதுருவிடம் வருவோம். அவர் அந்த விடையைச் சொன்ன இடம் பிலிப்புச் செசரியா நகரின் சுற்றுப்புறம். ரோமப் பேரரசர் சீசரின் பெயரை ஏரோதின் மகன் பிலிப்பு சூட்டிய ஊர். அங்கே நின்றுகொண்டு “நீர் மெசியா” என்பது, ‘எங்கள் அரசர் நீரே, அந்தச் சீசர் அல்ல’ என்று காதில் விழக்கூடிய சொல். இயேசு உடனே தாம் பாடுபட்டுக் கொல்லப்படப்போவதைச் சொல்கிறார். பேதுரு அவரைத் தனியே இழுத்துக் கடிந்துகொள்கிறார். விடை சரி, விடைக்குள் இருந்த படம் தவறு. இதற்குச் சற்று முன்புதான் பெத்சாய்தாவில் பார்வையற்ற ஒருவர் இரண்டு கட்டங்களாகக் குணமடைகிறார்; முதல் தொடுதலில் மனிதர்கள் அவருக்கு நடமாடும் மரங்களைப் போலத் தெரிகிறார்கள். பேதுரு நிற்பது அந்த மரங்களுக்கு நடுவில். மனிதரை மரமாகப் பார்க்கிற ஒருவரை ஊர் ஊராக அனுப்பி ‘இவரே மெசியா’ என்று சொல்லச் சொன்னால் என்ன ஆகும்?

என்ன ஆகும் என்பதைப் பிந்தைய வரலாறு காட்டியது. கி.பி. 132-இல் ரோமருக்கு எதிராக எழுந்த யூதத் தலைவர் பார் கோக்பாவை, யூத மறைநூல் ஆசிரியர் ரபி அகிவா மெசியா அரசராக வாழ்த்தினார் என்பது யூத மரபு. 135-க்குள் ரோமப் படை அந்த எழுச்சியை அழித்தது. போருக்கு ஆள் திரட்டும் வலிமை அந்தச் சொல்லுக்கு இருந்தது. (இடையில் ஒரு பேச்சு: மெசியா வந்துவிட்டார் என்றால் உலகில் அமைதி எங்கே என்று யூதர்கள் கேட்பது நேர்மையான கேள்வி. நாம்கூட “மீண்டும் வருவார்” என்றுதானே சொல்கிறோம்? அந்தக் கேள்வியைக் கேலி செய்கிற மறையுரையை நீ கேட்டால் நம்பாதே.)

1901-இல் வில்லியம் வ்ரேடே என்ற ஜெர்மானிய அறிஞர் வேறொரு விளக்கம் தந்தார்: இயேசு வாழ்ந்தபோது அவரை மெசியாவாக எவரும் அறியாததை விளக்கவே ‘சொல்ல வேண்டாம்’ என்ற இந்த இழை பின்னால் நெய்யப்பட்டது என்று. கூர்மையான வாதம்தான். ஆனால் சிலுவையின்மேல் ‘யூதரின் அரசர்’ என்று பலகை தொங்கியதை அது எனக்கு விளக்கவில்லை. அப்படி ஒரு பேச்சே இல்லாத ஒருவருக்கு ரோம அதிகாரி எதற்காக அந்தக் குற்றத்தை எழுத வேண்டும்?

மாற்குவின் கிரேக்க மூலத்தில் இந்தப் பட்டம் 7 இடங்களில்தான் வருகிறது. முதல் வரியில் ஒன்று. அதற்குப் பின் பேதுருவின் வாய் வரை ஒன்றுமில்லை. கடைசி இரண்டும் பகைவர்களுடையவை. “நீ மெசியாவா?” என்று தலைமைக் குரு கேட்கிறார். அருள்பொழிவு பெற்ற குரு, அதாவது எண்ணெய் பூசப்பட்டவர், என்று லேவியர் நூல் சொல்லும் அதே பதவியில் இருப்பவர் அவர். இயேசு இப்போது மறைக்கவில்லை: “நானே அவர்.” கைதாகி, சீடர்கள் ஓடிப்போய், படை திரட்ட ஆளே இல்லாத நேரத்தில் வெளிவரும் ஒப்புதல். இனி அந்தச் சொல்லைத் தவறாகப் புரிந்துகொள்ள வழி ஏது? கடைசி முறை அது சிலுவைக்குக் கீழே நின்றவர்களின் ஏளனமாக வருகிறது: மெசியா இறங்கி வரட்டுமே!

அப்படியானால் எண்ணெய்? திருமுழுக்குப் பெற்றபோது ஆற்றங்கரையில் ஆவி இறங்கியதே அவருக்கு அருள்பொழிவு என்று லூக்கா சொல்வார். உண்மைதான். ஆனால் நான் கேட்பது நிஜமான எண்ணெயை. மாற்குவில் அது ஒரே முறை இயேசுவின் தலையில் விழுகிறது, பெத்தானியா என்ற ஊரில். ஊற்றியவர், சவுலுக்கும் தாவீதுக்கும் எண்ணெய் பூசிய சாமுவேலைப் போன்ற இறைவாக்கினர் அல்லர். தொழுநோயாளர் சீமோனின் வீட்டு விருந்துக்குள் வந்த, பெயர் சொல்லப்படாத ஒரு பெண். சிமிழை உடைத்தே ஊற்றிவிட்டார். 300 தெனாரியத்துக்கு மேல் விற்றிருக்கலாமே என்று சிலர் கணக்குப் பார்க்கிறார்கள். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. இயேசு அந்தப் பெண்ணைத் தடுக்கவில்லை. என் அடக்கத்துக்காக முன்னதாகவே பூசினார் என்கிறார். பேதுருவிடம் ‘சொல்லாதே’ என்றவர், இந்தப் பெண் செய்ததை உலகெங்கும் சொல்வார்கள் என்கிறார்.

உன் கேள்விக்கு என்னிடம் இருக்கும் விடை இவ்வளவுதான், மகளே. இன்னும் ஒப்பவில்லை என்றால் மறுபடியும் கேள்.

போகிற போக்கில் இன்னொன்றும் கேட்டாய்: உறுதிபூசுதலில் ஆயர் நெற்றியில் பூசும் கிறிஸ்மா எண்ணெய் வழிந்தால் துடைக்கலாமா என்று. ஒலிவ எண்ணெயும் பரிமளமும் கலந்த அந்தத் தைலத்தின் பெயரும் கிறிஸ்து என்ற பெயரும் ஒரே வேரில் பிறந்தவை. துடைப்பது பாவமல்ல. ஆனால் உன் வலத்தோளில் கை வைத்தபடி பின்னால் நிற்கப்போகிறவள் நான். கைக்குட்டை என்னிடம்தான் இருக்கும், கேட்டாலும் உடனே தர மாட்டேன்.

அன்புடன்,
உன் ஞானத்தாய்