பாசி எடுக்கும் பெண்களின் மனு போக வேண்டிய இடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாம்பன் சின்னப்பாலம் முதல் ஏர்வாடி வரை தீவுகளைச் சுற்றிக் கடல்பாசி எடுக்கும் பெண்களை வனத்துறை சட்டம் தடுக்கும் பிரச்சினை பேசப்படும்போதெல்லாம் 'பவளப்பாறையா, பிழைப்பா' என்ற பட்டிமன்றமாகவே அது முடிகிறது. சட்டம் அப்படி இரண்டில் ஒன்றைக் கேட்கவில்லை.

மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. 21 தீவுகள், 560 சதுர கிலோமீட்டர். அதற்குள் எதையும் எடுக்கக் கூடாது என்கிறது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். அதே சட்டத்தின் 26ஏ பிரிவு, கடற்பரப்பைச் சேர்த்து எல்லை வகுக்கும்போது உள்ளூர் மீனவர்களின் தொழில் நலனைக் காக்கப் போதிய ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் அந்தப் பிரிவு சேர்ந்தது 1991-இல். பூங்கா அதற்கு ஐந்து ஆண்டு மூத்தது.

ஆகவே கைகொடுக்கக்கூடியது 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம்தான். அது மலைவாழ் மக்களுக்கு மட்டுமானது என்று இங்கே பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள். அச்சட்டத்தில் 'வன நிலம்' என்பதில் தேசியப் பூங்காவும் அடங்கும். மீன் உள்ளிட்ட நீர்நிலை விளைபொருள்கள் மீதான சமூக உரிமையை 3(1)(டி) பிரிவு பெயர் சொல்லியே தருகிறது. 'நிலம் என்றால் கடல் ஆகுமா?' என்று எதிர்த்தரப்பு கேட்கும். சட்டம் அறிந்தவர்களே இதில் ஒரே கருத்தில் இருக்க மாட்டார்கள். நீர்நிலையைச் சட்டமே குறிப்பிட்டிருக்கும்போது கடலை மட்டும் விலக்குவது பொருந்தாது என்பது என் கருத்து. எப்படியானாலும், கோரிக்கை பதிவானால்தான் அதற்கு விடை கிடைக்கும்.

பதிவு செய்யும் இடம் ஆட்சியரின் குறைதீர் நாள் அல்ல, கிராம சபை. 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைச் சபை முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும்; அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள். பிறகு சமூக உரிமைக்கான பி படிவம். ஏ படிவம் தனிநபருக்கானது. அதில் ஆளுக்கொன்றாக எழுதிக் கொடுத்தால் கடலில் யாருக்கு எந்த இடம் என்ற குழப்பத்தில் எல்லாமே விழுந்துவிடும்.

பழங்குடியினர் அல்லாதவர்கள் 13.12.2005-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்து அதை நம்பிப் பிழைத்ததைக் காட்ட வேண்டும். சறுக்குவது இங்கேதான். பாசி வியாபாரமே 1960-களில்தான் சூடு பிடித்தது என்று வாதம் வரும். எனவே மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று பாசி வகைகளை மட்டும் எழுதினால் போதாது. அதற்கு முன் தீவுகளை ஒட்டி நடந்த கரைவலை, சங்கு, சிப்பி, தீவில் தங்கியது, நல்ல தண்ணீர் எடுத்த இடம், கோயில் அல்லது தர்கா வழக்கம் எல்லாம் சேர வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட சான்று வேண்டும். மனுதாரர் அல்லாத முதியவர்களின் வாக்குமூலத்தை எழுதி வாங்கினால் அதுவும் ஒரு சான்று. பழைய கெசட்டியர் (அரசின் மாவட்ட விவர நூல்), சர்வே வரைபடம், வீட்டு வரி ரசீது ஆகியவையும் சான்றாகும். இந்த ஆவணம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்க அதிகாரிகளுக்கு உரிமை இல்லை.

பெண்கள் தாங்களே வகுத்துக்கொண்ட மாதத்துக்கு 12 நாள் என்ற கட்டுப்பாட்டையும், மீன்பிடித் தடைக்கால ஓய்வையும் தீர்மானத்தில் எழுத வேண்டும். வளத்தைக் காக்கும் பொறுப்பையும் இச்சட்டம் உரிமையோடு சேர்த்தே தருகிறது. பாசி எடுக்கும் சின்னப்பாலம் லட்சுமிக்கு, தீவுச் சூழலைக் காப்பவர்களுக்கான சீகாலஜி பரிசு 2015-இல் கிடைத்தது சும்மா அல்ல.

அடுத்த பள்ளம் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை. ஊராட்சிச் சபைக்கான கோரம் இதற்குச் செல்லாது. சபை உறுப்பினரில் பாதிப் பேர் வர வேண்டும், வந்தவரில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள், கோரிக்கை வைத்தவர்களிலும் பாதிக்குக் குறையக் கூடாது. வருகைப் பதிவில் கையெழுத்து குறைந்தால் கோரிக்கைகளை அடுத்துப் பரிசீலிக்கும் கோட்ட அளவிலான குழுவில் தீர்மானம் அப்படியே நின்றுவிடும். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். வாய்மொழியாக 'இல்லை' என்றால் அந்த 60 நாளை எங்கிருந்து எண்ணுவது?

வழக்கறிஞருக்குச் செலவு என்று தயங்க வேண்டாம். பெண்கள் யாராயினும், வருமானம் எவ்வளவாயினும், சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு, 15100-ஐ அழைக்கலாம்.

மண்டபம், திருப்புல்லாணி ஒன்றியங்களின் கடலோர ஊராட்சிகள் இதற்கென்றே சிறப்புக் கிராம சபை கூட்டட்டும். நாள் குறிக்கும் முன் பாசிக்குப் போகும் அந்த 12 நாள் எவை என்று பெண்களிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மண்டபம்