பக்கவிளைவை எழுதுனீங்க, சமாளிக்கிற வழியையும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க மருத்துவப் பக்கத்துல எச்ஐவி மாத்திரையோட பக்கவிளைவுகள்னு ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீங்க. தலைசுத்தல், வாந்தி, கெட்ட கனவு, கிட்னி கோளாறு, எலும்பு பலவீனம்னு வரிசையா இருந்துச்சு. அதுல எதுவும் பொய் இல்லைங்க. ஆனா அதை படிச்சிட்டு எனக்கு தங்கச்சி மாதிரி ஒருத்தி ராத்திரி பத்து மணிக்கு போன் பண்ணி, "அக்கா, நான் இன்னைக்கு மாத்திரை போட வேணாம்னு பாக்குறேன்"னு சொன்னா. அவளுக்கு மாத்திரை ஆரம்பிச்சு பதினோரு நாள்தான் ஆகுது. அவகிட்ட பேசி போட வெச்சிட்டுதான் இந்த லெட்டரை எழுத உக்காந்தேன்.

நான் 2008ல இருந்து மாத்திரை போடுறேன். அப்போ எனக்கு குடுத்த கூட்டு மாத்திரைல ஸ்டாவுடின்னு ஒரு மருந்து இருந்துச்சு. கொஞ்ச மாசத்துலயே பாதம் எரிய ஆரம்பிச்சுது, ராத்திரி போர்வை பட்டாலே தாங்காது, பகல்ல பாத்தா அதே பாதம் மரத்துப்போயி செருப்பு கழண்டது கூட தெரியாம நாலு அடி நடந்துட்டு அப்புறம்தான் திரும்பி பாப்பேன். கன்னமும் ஒட்டிப்போச்சு. நோய் முத்திடுச்சுன்னுதான் நெனச்சேனே தவிர மருந்தால வந்ததுன்னு எனக்கு தோணவே இல்ல. ஒரு வருஷத்துக்கு மேல டாக்டர்கிட்ட வாயே திறக்கல. உயிரை காப்பாத்துற மருந்தை போயி குறை சொல்றதான்னு ஒரு கூச்சம், சொன்னா மருந்தையே நிறுத்திடுவாங்களோன்னு ஒரு பயம். 2009 கடைசில உலக சுகாதார நிறுவனமே அந்த மருந்தை படிப்படியா கைவிடச் சொன்னதுக்கு அப்புறம் எனக்கும் மாத்துனாங்க. எரிச்சல் அடங்கிடுச்சு, மரத்துப்போனது மட்டும் விரல் நுனில இன்னும் இருக்கு. அப்பவே சொல்லியிருந்தா இதுவும் மிஞ்சியிருக்காதோன்னு இன்னைக்கும் மனசு அடிச்சுக்கும்.

மாத்தி குடுத்ததுல எஃபாவிரென்ஸ் இருந்துச்சு. அந்த மருந்து போட்டவங்களுக்குதான் தெரியும் அந்த கனவு என்னன்னு. செத்துப்போன எங்கம்மா கட்டில் பக்கத்துல நின்னு பேசுவாங்க, அவ்வளவு தெளிவா, முழிச்சதுக்கு அப்புறமும் அவங்க நின்ன எடத்தை தொட்டுப் பாப்பேன். காலைல எந்திரிச்சா சுவத்தை புடிச்சிக்கிட்டுதான் நடக்கணும். ரெண்டு மாசம் இப்படியே போச்சு, அப்புறம் நானா ஒரு முடிவு எடுத்து வாரத்துல ரெண்டு நாள் மாத்திரைக்கு லீவு விட்டேன், அந்த ரெண்டு நாளும் நிம்மதியா தூங்குனேன், யார்கிட்டயும் சொல்லல. அடுத்த டெஸ்ட்ல வைரல் லோடு, அதாவது ரத்தத்துல இருக்குற வைரஸ் அளவு, ஏறியிருந்துச்சு.

அன்னைக்கு அந்த டாக்டரம்மா திட்டாம, பேப்பர்ல ஒரு கோடு போட்டு எனக்கு புரிய வெச்சாங்க. கூட்டு மாத்திரைல மூணு மருந்து இருக்கு, நிறுத்துனா மூணும் ஒரே நேரத்துல உடம்பை விட்டு போகாது, எஃபாவிரென்ஸ் மட்டும் பல நாள் ரத்தத்துல தங்கும், தொணைக்கு இருந்த மத்த ரெண்டும் போயிடும், அந்த ஒத்தை மருந்தை வைரஸ் சுலபமா பழகிக்கும், அப்புறம் அந்த மருந்தே வேலை செய்யாதுன்னு. நல்லவேளை எனக்கு அந்த அளவுக்கு போகல. அப்புறம் கனவை பத்தி கேட்டாங்க. நான் ராத்திரி வயிறு நெறைய எண்ணெய் பலகாரமா சாப்பிட்டு கையோட மாத்திரை போடுவேன், கொழுப்போட சேந்தா அந்த மருந்து ரத்தத்துல ஜாஸ்தி ஏறுமாம், வெறும் வயித்துல படுக்கப் போகும்போது போடணுமாம். அந்த ஒரு விஷயத்தை மாத்துனேன், பத்து நாள்ல பாதிக்கு மேல கொறஞ்சுது. நெறைய பேருக்கு ரெண்டுல இருந்து நாலு வாரத்துல அது தானாவே தணியும்னும் சொன்னாங்க. இதை மொத நாளே யாராவது சொல்லியிருந்தா நான் லீவு விட்டிருக்கவே மாட்டேன்.

இப்போ நெறைய பேருக்கு டொலுடெக்ராவிர் இருக்குற மாத்திரைதான். உலக சுகாதார நிறுவனம் 2019ல இதைத்தான் முதல் தேர்வா சொல்லுச்சு, பழைய மருந்தோட பாத்தா தொல்லை ரொம்ப கம்மி. ஆனா தூக்கம் வராம போறது, தலைவலி, வயித்து பொரட்டல், வெயிட் ஏறுறது இதெல்லாம் சிலருக்கு இருக்கு. போன் பண்ணுன அந்த பொண்ணுக்கும் தூக்கம் இல்ல, பொரட்டல் வேற. என்ன செய்யுறேன்னு விசாரிச்சா, பொரட்டலுக்கு அசிடிட்டி மருந்து வாங்கி அந்த மாத்திரையோட சேத்தே குடிச்சிருக்கா! எனக்கு பகீர்னு ஆயிடுச்சு. மெக்னீசியம், அலுமினியம் இருக்குற அசிடிட்டி மருந்தை சேத்து குடிச்சா டொலுடெக்ராவிர் உடம்புல சரியா சேராது, மாத்திரை போட்டும் போடாத மாதிரி ஆயிடும். அசிடிட்டி மருந்து குடிக்கிறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே டொலுடெக்ராவிர் மாத்திரையை போட்டுடணும், இல்லேன்னா அசிடிட்டி மருந்து குடிச்சு ஆறு மணி நேரம் கழிச்சு போடணும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே கணக்குதான், சாப்பாட்டோட போட்டா மட்டும் அதுங்கள சேத்து எடுக்கலாம். மறுநாளே அவ டாக்டர்கிட்ட போயி எல்லாத்தையும் சொல்லியிருக்கா, ராத்திரி போட்டதை காலைல சாப்பிட்டதும் போடச் சொல்லி மாத்திக்குடுத்திருக்காங்க.

கிட்னின்னு நீங்க எழுதுனது டெனோஃபோவிர்ங்குற இன்னொரு எச்ஐவி மருந்தை பத்தி. அது உண்மை, அதுக்குத்தான் அப்பப்போ கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியாட்டினின் டெஸ்ட் பாக்குறாங்க, அந்த டெஸ்ட்டை தட்டிக் கழிக்காம போனா ஆரம்பத்துலயே தெரிஞ்சிடும், மருந்தை மாத்த வழியும் இருக்கு. மூட்டு வலிக்கு நாமளே கடைல டைக்ளோஃபினாக் வாங்கி போட்டுக்கிட்டே இருக்குறதை மொதல்ல விடணும், அது கிட்னிக்கு இன்னொரு சுமை.

பொறுத்துப் பாக்கவே கூடாததும் இருக்குங்க, உங்க பெட்டில அதை தனியா காட்டவே இல்ல. காய்ச்சலோட உடம்பு பூரா தடிப்பு, வாய்ல புண்ணு, முகம் வீங்குறது, மூச்சு வாங்குறது, கண்ணு மஞ்சளாகி ஒண்ணுக்கு கறுத்துப் போறது, இதுல எது வந்தாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரி போகணும். அபாகாவிர்னு ஒரு மருந்து சிலருக்கு ஒத்துக்காம போகும், அப்படின்னு டாக்டர் நிறுத்திட்டா திரும்ப வாழ்நாள்ல அதை தொடவே கூடாது, ரெண்டாவது தடவை உயிருக்கே ஆபத்து.

டாக்டர்களுக்கும் கவுன்சிலர்களுக்கும் உங்க பேப்பர் வழியா ஒரு வேண்டுகோள். "எல்லாம் நல்லாத்தானே இருக்கு?"ன்னு கேட்டா, பின்னாடி இருபது பேர் நிக்கும்போது நாங்க தலையாட்டிட்டுதான் போவோம். "ராத்திரி எத்தனை மணிக்கு தூங்குனீங்க, போன மாசம் எத்தனை மாத்திரை விட்டுப்போச்சு, பாதம் எரியுதா"ன்னு கேளுங்க, சொல்லுவோம். சொன்னதுக்கு திட்டாதீங்க, திட்டு வாங்குனவங்க அடுத்த தடவை மறைச்சிடுவாங்க.

அடுத்த வாரம் அதே எடத்துல, அதே அளவுல ஒரு பெட்டி போடுங்க ஐயா. எந்த தொல்லை சில வாரத்துல போகும், எதுக்கு மாத்திரை போடுற நேரத்தை மாத்தலாம், எதுக்கு ஓடணும்னு ஒரு நல்ல டாக்டர்கிட்ட கேட்டு எழுதுங்க. போன வாரத்து பெட்டியை படிச்சிட்டு அன்னைக்கு ராத்திரி மாத்திரையை கைல வெச்சிக்கிட்டு உக்காந்தவங்க இன்னும் எத்தனை பேரோ, அவங்களுக்கு போன் பண்ண ஒரு அக்கா இருந்திருக்கணும்னு இல்லையே.

என் பேரை மட்டும் தயவுசெஞ்சு போட வேணாம், வீட்ல இன்னும் எல்லாருக்கும் தெரியாது.

இப்படிக்கு,
உங்க பேப்பரை தினமும் படிக்கிற ஒரு வாசகி