ஜிடிஏ 6 வரும்வரை: ரெக்கார்டிங் பற்றி எல்லோருக்கும்

"ஜிடிஏ 6 (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 6) கேம் எப்ப வருது" என்று தினமும் கேட்பவர்களுக்கு முதலில் இது. 2025 என்றார்கள், அப்புறம் 2026 மே 26 ஆனது, அதையும் தள்ளி நவம்பர் 19 என்று அறிவித்தார்கள். எனக்கும் வயிறு எரிந்தது, ஆனாலும் அரைவேக்காடாக வருவதைவிடத் தாமதமாக வருவது எவ்வளவோ மேல்.

சரி, அதுவரை பழைய கேம்களின் கிளிப்புகளை இங்கே போடுங்கள். பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) கன்சோலில் கன்ட்ரோலரின் கிரியேட் பட்டனை ஒரு முறை தட்டி, வரும் மெனுவில் "சேவ் ரீசென்ட் கேம்ப்ளே" என்பதைத் தேர்ந்தெடுத்தால் சற்றுமுன் ஆடியது சேவ் ஆகிவிடும், எவ்வளவு நேரம் என்பதை செட்டிங்ஸில் ஒரு மணி நேரம்வரை வைத்துக்கொள்ளலாம். மைக்கை மறக்காமல் அணைத்துவிடுங்கள். போன ஞாயிறு நான் கடைசி நிமிடத்தில் அடித்த கோலில் கமென்டரி கேட்கவே இல்லை, குக்கர் விசிலும் அம்மா "சாப்பிட வாடா" என்று கூப்பிட்டதும்தான் கேட்டது, அவ்வளவு நல்ல கோல் வீணாகிவிட்டது.

சென்னை ரிச்சி தெருவில் கேப்சர் கார்டு (கன்சோலில் ஆடுவதைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்யும் கருவி) வாங்கி வந்து திரை கறுப்பாகவே இருக்கிறது என்பவர்கள், கார்டைத் திருப்பிக் கொடுக்க ஓடுவதற்கு முன் பிஎஸ்5-இன் எச்டிஎம்ஐ செட்டிங்கில் எச்டிசிபியை (வீடியோவை நகலெடுக்க விடாத பூட்டு) ஆஃப் செய்து பாருங்கள்.

ஜிடிஏ 6 கதை கசிவுகளை மட்டும் தயவுசெய்து இங்கே போடாதீர்கள், பார்த்த உடனே நீக்கிவிடுவேன்.