அந்தப் பெட்டிகளை எடைக்குப் போடாதீர்கள், அண்ணா

அன்புள்ள அண்ணா,

உங்கள் ராயபுரம் போட்டோ ஸ்டுடியோவைக் காலி செய்கிறீர்கள் என்றும், நெகட்டிவ் பெட்டிகளை வெள்ளி பிரித்தெடுக்கும் வியாபாரிக்கு எடைக்குப் போடப்போகிறீர்கள் என்றும் என் தம்பி சொன்னான். இரவு தூக்கமே வரவில்லை. கொஞ்சம் பொறுங்கள்.

2017 தொடக்கத்தில் என் கப்பல் லண்டன் அருகே டில்பரி துறைமுகத்தில் நின்றபோது லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். பாடகர் எல்டன் ஜான் 1991 முதல் வாங்கிச் சேர்த்த புகைப்படங்களில் ஒரு பகுதியை மாட்டியிருந்தார்கள். பெரும்பாலும் எடுத்த காலத்திலேயே போட்ட பிரிண்டுகள். புகைப்படக் கலைஞர் மான் ரேயின் ‘கண்ணாடிக் கண்ணீர்’ படத்தின் முன்னால் நல்ல கூட்டம். கன்னத்தில் உருண்டு நிற்பவை கண்ணாடி மணிகள். அழகுதான், ஆனால் என் கால்கள் வேறொரு படத்தின் முன்தான் நின்றுவிட்டன.

ஆந்த்ரே கெர்டெஸ் 1917-ல் ஹங்கேரியில் எடுத்தது. நீருக்கடியில் நீந்தும் ஓர் ஆள். போரில் காயம்பட்டுத் தேறிக்கொண்டிருந்த இளம் சிப்பாய் கெர்டெஸ் அப்போது. பிரிண்ட் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மூச்சு கண்ணாடியில் படும் அளவுக்குக் குனிந்து பார்த்தேன். அலையின் நெளிவில் உடல் இழுபட்டு நீள்கிறது. வெயில் கோடுகோடாக அதன்மேல் ஓடுகிறது. காசிமேட்டில் படகிலிருந்து குதிக்கும் பையன்களை நீங்கள் எடுத்த படங்களும் இந்த அளவுதானே, அண்ணா?

டாரதியா லாங் 1936-ல் எடுத்த ‘புலம்பெயர்ந்த தாய்’ படமும் அங்கே இருந்தது. அதன் கீழ் மூலையில் தெரிந்த ஒரு கட்டைவிரலைப் பிற்பாடு நெகட்டிவிலேயே அழிக்கச் செய்தாராம் லாங். அதைப் படித்ததும் உங்கள் நினைவுதான் வந்தது. எங்கள் ஆயாவின் அம்மைத் தழும்பை மறைக்கப் பென்சிலைச் சீவிச் சீவி நெகட்டிவைத் தொட்டுக்கொண்டிருந்தீர்களே!

அக்காவின் மஞ்சள் நீராட்டுப் படமும் அந்தப் பெட்டிகளில்தான் இருக்கிறது. பூ ஜடை தைத்து, கண்ணாடியின் முன் நிறுத்தி, முதுகும் முகமும் ஒருசேர விழும்படி எடுத்தீர்கள். சிரிக்கச் சொன்னீர்கள், அவள் சிரிக்கவில்லை. வீட்டிலிருந்த பிரிண்ட் வெள்ளத்தில் போய்விட்டது. நம் தெருக்களில் இப்படி எத்தனை வீடுகள்! அந்த முகங்களெல்லாம் உங்களிடம் மட்டும்தான் மிச்சம்.

ஞாயிறு காலை வருகிறேன். வியாபாரி பேசிய விலையை நான் தருகிறேன். அதுவரை பெட்டிகளைத் தரையில் வைக்காதீர்கள். ஈரம் ஏறினால் நெகட்டிவ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

அன்புடன்,
உங்கள் தம்பி