சூரத் கதையைச் சொல்லித்தந்த அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

செப்டம்பர் பிறந்துவிட்டது, நடந்தபடியே வரலாறு சொல்லும் நம் கதை நடைக்கு ஆள் சேர்க்கத் தொடங்கியிருப்பீர்கள். இம்முறை நான் வரவில்லை, இனியும் வரப்போவதில்லை. இதைப் பொதுவில் எழுதுவதற்குக் காரணம், நம் கதையைக் கேட்டவர்களுக்கும் நான் பதில் சொல்லியாக வேண்டும் என்பதே.

தபதி ஆற்றங்கரையில் அன்று மாலை, மெக்காவிலிருந்து சூரத்துக்குத் திரும்பிய ஔரங்கசீப்பின் கஞ்ச்-இ-சவாய் கப்பலை 1695இல் ஆங்கிலக் கடற்கொள்ளையன் ஹென்றி எவரி மறித்த கட்டத்தை நீங்கள் சொன்ன அழகை நான் மறக்கவில்லை. கப்பலின் பீரங்கி ஒன்று தன் ஆட்கள் நடுவிலேயே வெடித்ததைச் சொன்னபோது குழந்தைகள் மூச்சுவிடாமல் நின்றார்கள். பிறகு, கப்பல் தலைவன் இப்ராஹிம் கான் அடிமைப் பெண்களுக்குத் தலைப்பாகை கட்டிச் சண்டைக்கு ஏவியதாக முகலாய வரலாற்றாசிரியர் காஃபி கான் எழுதியிருப்பதை வேடிக்கையாக்கி, முன்னால் நின்ற சிறுமியின் தலையில் நம் சிவப்புத் தலைப்பாகையை வைத்தீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும், "அப்புறம் அந்த அக்காக்கள் என்ன ஆனார்கள்?" என்று கேட்டாள். நீங்கள் புதையலுக்குத் தாவினீர்கள். நான் குறுக்கே புகுந்து, மானத்துக்கு அஞ்சிப் பெண்கள் கடலில் குதித்ததையும் அதே காஃபி கான்தான் எழுதினார் என்றேன்.

சின்னப் பிள்ளையிடம் அதை அப்படிப் போட்டு உடைத்தது தவறு. அத்தனை பேர் முன்னால் உங்கள் பேச்சை வெட்டியது அதைவிடப் பெரிய தவறு; மன்னியுங்கள். ஆனால் அதற்கு முன் அதை வேடிக்கையாக்க வேண்டாம் என்று இருமுறை தனியாகச் சொன்னேனே அக்கா, "கூட்டம் சிரிக்க வேண்டாமா?" என்றுதானே கேட்டீர்கள்? அன்றிரவு தொலைபேசியில் பேசியவற்றை இங்கே எழுத மாட்டேன்.

1696இல் லண்டனில் எவரியின் ஆட்களை விசாரித்த ஜூரிகள் கஞ்ச்-இ-சவாய் வழக்கில் அவர்களை விடுவித்தார்கள் என்பதையும், பின்னர் ஐந்து பேர் தூக்கிலேறியது ஓர் ஆங்கிலக் கப்பலைக் கடத்திய வழக்கில்தான் என்பதையும் எனக்குச் சொல்லித்தந்தவரே நீங்கள். அதைச் சொல்லும்போது உங்கள் குரல் உடைந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் குரலைக் கூட்டத்தின் முன் ஒருநாளும் எடுக்காமல் வைத்திருந்தீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

முதல் நடையில் நா உலர்ந்து நின்ற என் கையைப் பிடித்துக்கொண்டவரும் நீங்கள்தான்.

தலைப்பாகை என்னிடமே இருக்கிறது. துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். யாரிடம் கொடுத்தனுப்ப வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி